இடம் மாறிய பட்டன்கள்

ஈப்போவில் சிலிபின் பக்கம் வளர்ந்து, இன்று கண்ணாடியைத் தேடாமல் வாட்சப் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்ட கூட்டாளிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டுக்குள் விசாரணை நடக்குமே, நினைவிருக்கிறதா? யாரோ ஒருவர் அறை நடுவே நிற்பார். பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். நாம் கதவோரம் ஒட்டிக்கொண்டு, நம் பெயர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. விளையாட்டுக் கன்ட்ரோலரின் பட்டன்களை யார் மாற்றியது என்பதுதான் வழக்கு. அந்த வழக்கில் சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டில் இருந்த இடம் போய்விட்டது. உண்மையில் அன்றைக்கு எதை விசாரித்தார்கள் என்பது எனக்கு இந்தத் தீபாவளிக்குச் சற்று முன்புதான் விளங்கியது.

முதலில் எங்கள் குடும்பக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சந்தேகப் பிராணி. பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், மீனின் கண்ணைப் பார்ப்பார், அப்புறம் மீன்காரரின் கண்ணையும் பார்ப்பார். வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கு ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் காரணமில்லாமல் "இன்னிக்குச் சாப்பாடு நல்லாருக்குலா" என்று சொன்னால், எதை உடைத்துவிட்டு வந்து நிற்கிறார் என்று தேடுவேன். ஆகவே நான் சொல்வதை நீங்களும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். தவறில்லை.

அண்ணனுக்கு அது பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். வருடம். படிப்பதற்கென்று அப்பா ஒரு பழைய கணினியை வாங்கி வந்தார். முன் கூடத்தில் தொலைக்காட்சி இருந்ததால், அதைப் பின் அறையில் வைத்தார்கள். பின் அறை சித்தப்பாவின் அறை. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி, அப்போது கல்யாணம் ஆகவில்லை. கையுறை செய்யும் பேக்டரியில் இரவு ஷிப்ட். காலையில் நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும்போது வருவார். கையெல்லாம் கையுறை மாவு ஒட்டி வெள்ளையாக இருக்கும். எங்கள் கன்னத்தில் அந்த மாவைத் தடவி, "போங்க போங்க, பேயி மாதிரி இருக்கீங்க" என்பார். மதியம் நாங்கள் திரும்பும்போது எழுந்து குளித்துக்கொண்டிருப்பார். குளித்துவிட்டு வரும்போது அவர் முழங்கையில் பாய்க்கோடு பதிந்திருக்கும். நான் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டி விளையாடுவேன். அவர் அறையில் இருந்தது மெத்தைக் கட்டில். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. சந்தேகம் பிறவிக் குணம்தான், ஆனால் அதற்கும் வயது வர வேண்டும்போல.

அண்ணன் எங்கிருந்தோ ஒரு சீடி கொண்டுவந்தான். அதில் எமுலேட்டர் இருந்தது. அதாவது, கணினியை நீ கணினியில்லை, ஒரு விளையாட்டுப் பெட்டி என்று நம்ப வைக்கிற மென்பொருள். பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது தெய்வம். கூடவே ஒரு விளையாட்டு. தபால் பை மாட்டிய நரி ஒன்று ஆற்றின்மேல் பாலம் பாலமாகத் தாவி ஓட வேண்டும். பாலத்தின் பலகைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழும். தவறினால் நரி தண்ணீரில் தொப்பென்று விழுந்து, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூழ்கும். பாவமாக இருக்கும், சிரிப்பும் வரும்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சாம்பல் நிறக் கன்ட்ரோலரை எமுலேட்டருக்குப் பழக்க வேண்டியிருந்தது. மெனுவைத் திறந்தால் கன்ட்ரோலரின் படம் வரும். படத்தில் ஒவ்வொரு பட்டனுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தை மவுஸால் தொட்டுவிட்டு, இந்த வேலைக்கு எந்தப் பட்டன் வேண்டுமோ அதைக் கையில் அமுக்கினால் அது பதிவாகிவிடும். இடப்பக்கம் உள்ள நாலு பட்டன் நரியை நடக்க வைக்கும், வலப்பக்கம் உள்ள நாலு பட்டன் தாவ, உதைக்க. உலகம் முழுக்க அப்படித்தான். அண்ணன் அன்று அதை எனக்குச் சத்தமாகப் பாடம் நடத்திக்கொண்டே செய்தான். அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது அப்பாவின் சட்டம். நாங்கள் தினமும் விளையாடினோம். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது அணைத்துவிட்டால் போதும். கணினியின் தலை சுட்டுக் கிடந்தால் அப்பா தொட்டுக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அண்ணன் அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு வைப்பான். அந்தத் துண்டின் வாடை இப்போதும் எனக்கு வருகிறது.

அப்புறம் ஒரு நாள் நரிக்குப் பைத்தியம் பிடித்தது.

முன்னால் போகச் சொன்னால் தாவியது. தாவச் சொன்னால் திரும்பி நடந்து ஆற்றில் விழுந்தது. அண்ணன் கன்ட்ரோலரைக் குலுக்கினான், ஊதினான், மெனுவைத் திறந்து எல்லாப் பட்டனையும் பழையபடி பதிந்தான். சரியாகிவிட்டது. மறுநாள் பள்ளி விட்டு வந்து போட்டால் மறுபடியும் அதே பைத்தியம். மறுபடியும் பதிந்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

முதல் சந்தேகம் இடியின் மேல் விழுந்தது. நம் ஈப்போ மழை உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்தாலே அம்மா வீட்டில் உள்ள வயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவார். டிவி, ரேடியோ, அரிசிப் பானை, கணினி, ஒன்றும் மிஞ்சாது. பிடுங்கிச் செருகுவதில் ஏதோ மாறுகிறது என்று அண்ணன் சொன்னான். வேண்டுமென்றே பிடுங்கிச் செருகிப் பார்த்தோம். பட்டன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. இடி தப்பித்தது.

அடுத்து கடைக்காரர். கன்ட்ரோலரைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, டவுனில் கணினி பழுது பார்க்கும் சீன அங்கிளிடம் போனோம். அவர் அதைத் தன் கணினியில் செருகி, எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாராங் ஓக்கே லா. செட்டிங் அடா ஓராங் தூகார்," என்றார். சாமான் நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ ஓர் ஆள் அமைப்பை மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு எங்கள் வீட்டில் நிம்மதி போனது. அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டான். நான் அவனைச் சந்தேகப்பட்டேன். நான் ஜெயிக்கக் கூடாதென்று அவனே மாற்றி வைத்துவிட்டு நல்லவன் வேடம் போடுகிறான் என்று நினைத்தேன். பள்ளிப் பேருந்தில் எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வந்தோம். அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் வார நாளில் விளையாடியது வெளியே வரும். எல்லாம் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

ஆனால் அண்ணன் மூளைக்காரன். ஒரு நாள் பட்டன்களைச் சரி செய்வதற்கு முன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க பாரு. கண்டபடி மாறல. அப்படியே கண்ணாடியில பாக்குற மாதிரி மாறியிருக்கு," என்றான். நடக்க வைக்கும் பட்டன்கள் எல்லாம் வலப்பக்கம், தாவும் பட்டன் இடப்பக்கம். "வேல செய்யிற கை யாருக்கு எடது கையோ, அவங்களுக்குத் தோதா மாத்தியிருக்காங்க. நம்ம வீட்டுல நொட்டாங்கைக்காரரு யாரு?"

கேட்கவே வேண்டாம். சித்தப்பா சாப்பிடுவது மட்டும்தான் வலது கையால். சுத்தியல் பிடிப்பது, பந்து எறிவது, எழுதுவது எல்லாம் இடது கை. ஒரு கல்யாணத்தில் இடது கையால் சாம்பார் வாளிக் கரண்டியைப் பிடித்துப் பரிமாறப் போய், பந்தியில் ஒரு கிழவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு நம்ப மனமில்லை. அண்ணன் பொறி வைத்தான். பள்ளிக்குப் போகுமுன் கன்ட்ரோலரின் மேல் முகப் பவுடரை லேசாகத் தூவினான். மதியம் வந்து பார்த்தபோது இரண்டு பக்கத்துப் பட்டன்களிலும் பவுடர் அழிந்திருந்தது, ஓரங்களில் மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆள் விளையாடியிருக்கிறார் என்பது உறுதி. ஆள் யார் என்பதைப் பவுடர் சொல்லவில்லை. அன்று முதல் நான் சித்தப்பாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அவர் சிரித்தால் எதை மறைக்கச் சிரிக்கிறார் என்று தோன்றும். கன்னத்தில் மாவு தடவ வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கை அப்படியே நின்றது.

அந்த நேரத்தில்தான் கோப்பிக் கடையில் யாரோ அப்பாவின் காதில் போட்டார்கள், உன் தம்பி ஷிப்டில் மிஷின் பக்கத்தில் தூங்கி விழுகிறான் என்று. அதே வாரம் அண்ணனின் சோதனைத் தேர்வு மதிப்பெண்ணும் வந்தது. அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அண்ணன் இன்றும் உயிரோடு இருக்கிறான், இதைப் படிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின் அறையில் விசாரணை. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா நின்றார்.

"மிஷின் ஓடுறப்ப தூங்குனியாமே. சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டானாம். கை போச்சுன்னா எவன் பாப்பான்?"

"கொஞ்சம் அசந்துட்டேண்ணே."

"அப்ப பகலு பூரா இங்க என்னா பண்ற?"

"தூங்குறேண்ணே."

அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். மதிப்பெண் பற்றி வரப்போகும் கேள்வியைத் தள்ளிப்போட அண்ணன் அவசரமாக வாயைத் திறந்தான். "நான் வார நாள்ல கம்ப்யூட்டரத் தொடுறதே இல்லப்பா. ஆனா தெனமும் பட்டனெல்லாம் நொட்டாங்கைக்கு மாறி இருக்கு. பகல்ல யாரோ வெளாடுறாங்க." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போன்ற பேச்சு. தொடாதவனுக்குத் தினமும் மாறுவது எப்படித் தெரியும்? மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அப்பா அன்று அதைப் பார்க்கவில்லை. அவர் கன்ட்ரோலரை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"இது என்னா மாவு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "அது நம்ம பவுடருப்பா," என்றேன் நான்.

"நீ வாய மூடு. கையுறை மாவு எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாசற்படியில் நின்று, நடந்ததை ஒரு கணம் காதில் வாங்கிக்கொண்டார்.

"ஏங்க, தம்பியக் கேக்காதீங்க. நான்தான் வெளாண்டேன்."

அப்பா முதலில் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா எப்போதும் கொழுந்தனுக்குப் பரிந்து பேசுகிறவர். சித்தப்பா தட்டை உடைத்தால் கை நழுவியது தனக்குத்தான் என்பார். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டக்கூட என்னைக் கூப்பிடுகிற அம்மா நரியை ஓட்டினாராம்! நல்ல கதை.

அப்புறம் அப்பாவின் சிரிப்பு நின்றது.

"எப்ப?"

"காலையில. சமைச்சு முடிச்சிட்டு, துணி காயப் போட்டுட்டு."

"எங்க? இந்த ரூம்லயா?"

"ஆமா. இங்கதான இருக்கு."

"அப்ப இவன் எங்க இருந்தான்?"

அம்மா வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்த மௌனம் விசித்திரமாக இருந்தது. சாதாரணக் கேள்விதானே, பதில் சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

"சரி. வெளாடு. பாக்குறேன்," என்றார் அப்பா.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். கடைசியாக அவன் சரி செய்து வைத்த பட்டன்கள், உலகம் முழுக்க இருக்கும் அதே வரிசை. நரி தாவியது, திரும்பியது, ஆற்றில் விழுந்தது. மறுபடி வந்து மறுபடி விழுந்தது. முதல் பாலத்தின் முதல் பலகையைக்கூடத் தாண்டவில்லை. அண்ணன் மூக்கால் சிரித்தான். அம்மாவின் கை மெதுவாக மவுஸ் பக்கம் போனது. திரையின் மேல் ஓரத்தில் மெனு இருக்கும் இடத்தை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு ஓரக் கண்ணால் அப்பாவைப் பார்த்தார். கை திரும்பி வந்தது. கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"விடுங்கண்ணே," என்றார் சித்தப்பா. "நான்தான். அண்ணி எனக்காகச் சொல்றாங்க."

"தெரியும்," என்றார் அப்பா.

சித்தப்பா அன்று சாயங்காலமே துணிப்பையோடு கிளம்பினார். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "வாரேன் அண்ணி," என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மா வெளியே வரவில்லை. "வாரேன் பாப்பா," என்று என்னிடம் சொன்னார். அவர் கையில் மாவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை அல்லவா. நான் கன்னத்தைக் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

பிறகு தஞ்சோங் மாலிம் பக்கம் கார் செய்யும் பேக்டரியில் வேலை கிடைத்தது, தாமதமாகக் கல்யாணமும் ஆனது. நல்லது கெட்டதுக்கு வருவார். அப்பாவும் அவரும் "சாப்டியா", "சாப்டேன்" என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து அவர் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கொடுத்தால் காருக்குப் பக்கத்தில் நின்றே குடிப்பார்.

கணினி முன் கூடத்துக்கு வந்தது. கன்ட்ரோலரை அப்பா எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். இன்னொன்றும் நடந்தது. அப்பா வேலை நாளில் நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வரத் தொடங்கினார். பள்ளி விடுமுறையில் நாங்கள் வீட்டில் இருந்தபோது பார்த்தோம். மோட்டாரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். "பர்ஸ மறந்துட்டேன்" என்பார். பர்ஸ் பின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்கும். நாங்கள் விளையாடுகிறோமா என்று பிடிக்கத்தான் வருகிறார் என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம். எங்களுக்காக அவ்வளவு தூரம் வெயிலில் வருகிறாரே என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. பின் அறைக் கட்டிலைப் பிரித்து விற்ற பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார்.

கூட்டாளிகளே, இப்போது இந்த வருடத்துக்கு வாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானதால் தீபாவளிக்கு முன்னதாகவே சிலிபின் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தேன். அண்ணன் அந்த நரி விளையாட்டைத் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். எமுலேட்டரை மடிக்கணினியில் ஏற்றி, புதிதாக ஒரு கன்ட்ரோலர் வாங்கி, முன் கூடத்து டிவியில் இணைத்தேன். மெனுவைத் திறந்தால் அதே கன்ட்ரோலர் படம், அதே சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றாகப் பதிந்தேன். நரி ஓடியது. எனக்கு வயதாகியிருந்தது, நரிக்கு ஆகவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்து போட்டேன். முன்னால் போகச் சொன்னால் நரி தாவியது.

நான் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெனுவைத் திறந்தேன். கண்ணாடியில் பார்த்தது போல எல்லாம் இடம் மாறியிருந்தது. வீட்டில் நான், அம்மா, அப்பா, மூன்றே பேர். அப்பா ரிமோட்டையே தலைகீழாகப் பிடிப்பவர். சித்தப்பாவோ தஞ்சோங் மாலிமில் இருக்கிறார்.

அடுப்படிக்குப் போனேன். அம்மா பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், வலது கையால்.

"ம்மா. பட்டன மாத்துனது நீயா?"

"ஆமாடி. உங்கப்பா குளிக்கப் போனப்ப கொஞ்சம் வெளாண்டேன். ஏன், அது தானா பழையபடி ஆயிருமே?"

"தானா ஆகாதும்மா. நான்தான் திருப்பி மாத்தணும்."

அம்மா மாவிலிருந்து கையை எடுத்தார். "அப்படியா? அப்பவும் தெனமும் காலையில பாத்தா பழையபடிதான் இருக்கும். மிஷினு அணைச்சா தானா மாறிக்கும்னு நெனச்சேன். தெனமும் வந்து மாத்துவேன், பாயி விரிக்கிற மாதிரி. உங்கண்ணன் மாத்துறான்னு எனக்கு யாருடி சொன்னா? நீங்கதான் குசுகுசுன்னே பேசுவீங்களே."

இப்படித்தான் ஒரு வீட்டில் இரண்டு பேர், தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பருவம் முழுக்க ஒருவர் வேலையை மற்றவர் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

"நீ நொட்டாங்கையாம்மா? நான் பாத்ததே இல்லியே."

"பொறந்தப்ப." அம்மா உள்ளங்கையில் இருந்த மாவை உரித்தார். "கோலா கங்சார் தோட்டத்துல எங்கப்பாவுக்கு ஒத்தாசையா ரப்பர் பால் வெட்டப் போவேன். மரத்துல கோடு எடப்பக்கம் மேலருந்து வலப்பக்கம் கீழ எறங்கும். எல்லா மரமும் அப்படித்தான், கத்தியும் அதுக்குத் தோதாத்தான் இருக்கும். நொட்டாங்கையால வெட்டுனா பட்டையில காயம் பட்டுரும். மேல்பார்வை பாக்குற மண்டோர் பாத்தா எங்கப்பாவுக்குத்தான் ஏச்சு. அதுனால எங்கப்பா என் எடது கைய இடுப்போட சேத்துத் துணியால கட்டிட்டாரு. அப்புறம் எல்லாமே வலது கைதான். கட்டி வந்த எடத்துல யாருக்கும் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது." மாவைத் திருப்பிப் போட்டார். "அந்த மிஷின்லதான்டி மொத மொதல்ல, எந்தப் பட்டன் ஒனக்கு வேணும்னு கேட்டுச்சு."

நான் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நான் அப்பாவின் மகள், விடவில்லை.

"அன்னிக்கு அப்பா முன்னால ஏம்மா மாத்தல? ஒனக்குத்தான் மாத்தத் தெரியுமே. மாத்தி ஓட்டிக் காட்டியிருந்தா சித்தப்பா போயிருக்க மாட்டாருல்ல?"

"காட்டியிருந்தா?" அம்மா என்னைப் பார்த்தார். "பகல்ல அந்த ரூம்ல நான் இருந்தது நெசம்னு ஆயிரும். தம்பியோட ரூமு. நீ கல்யாணம் ஆனவ, ஒனக்கு நான் வெளக்கிச் சொல்லணுமா?"

எனக்குப் பின் அறையும், "அப்ப இவன் எங்க இருந்தான்?" என்ற கேள்வியும், தெருமுனையில் நிறுத்திய மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கையை நீட்டி அடுப்பைத் தணித்தேன்.

"அவரு அந்த ரூம்ல தூங்குனதே இல்லடி," என்றார் அம்மா. "தகரக் கூரை. பகல்ல வேகும். பாயத் தூக்கிட்டுப் பின்னால துணி தொவைக்கிற எடத்துல சிமெண்டுத் தரையில கெடப்பாரு. அங்கயும் கோழி கத்தும், லோரி போகும். தூக்கம் எங்கருந்து வரும்? அதான் வேலையில அசந்துட்டாரு. அண்ணன் வீட்டுல படுக்க எடம் சரியில்லன்னு அவரு வாயால சொல்ல மாட்டாரு. அவரு எங்க தூங்குறாருன்னு நான் சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வரும். என் மொகத்தப் பாத்தாரு தம்பி, புரிஞ்சிக்கிட்டாரு. நான்தான்னுட்டாரு."

பாய்க்கோடு. நான் விரலை ஓட்டி விளையாடிய அந்தக் கோடுகள். அத்தாட்சி என் விரல் நுனியிலேயே இருந்திருக்கிறது. பவுடரையும் பட்டனையும் வைத்துத் துப்பறிந்த வீட்டில், அவர் முழங்கையை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. இவ்வளவு வருடம் கழித்து வந்தாலும் அது சூடாகத்தான் வந்தது.

"வா," என்று அம்மாவை முன் கூடத்துக்குக் கூட்டி வந்தேன். அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழ்ப் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வாசலில் போகிற வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் காலுக்கடியில் தலையணை வைத்து, கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பட்டன்களை நான் மாற்றவில்லை. அம்மாவின் வரிசையிலேயே இருந்தன.

நரி புறப்பட்டது. அம்மாவின் இடது கட்டைவிரல் தாவத் தாவ, நரி பலகைக்குப் பலகை போனது. முதல் பாலம் முடிந்து இரண்டாவது வந்தது. என்னால் ஒருபோதும் தாண்ட முடியாத அந்த உடைந்த பாலத்தை, காய்கறி நறுக்கும் நிதானத்தோடு தாண்டினார். பேப்பர் கீழே இறங்கியது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து சோபாவுக்குப் பின்னால் நின்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீதானா?" என்றார் கடைசியில். "அன்னிக்கு ஏன் இப்படி வெளாண்டு காட்டல?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு நீங்க வெளாட்டையா பாத்தீங்க?"

நரி ஆற்றைக் கடந்து, கரையில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டித் தபாலைக் கொடுத்தது. அது அங்கே போகும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா வாசலுக்குப் போனார். எழுந்து போய்விட்டார், அவ்வளவுதானா என்று எனக்குச் சந்தேகம். பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன், அந்த நாளில் நின்றது போல. கைப்பேசியைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு எதையோ தேடினார். கிடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினார். யாரை என்று கேட்காமலே நான் சித்தப்பாவின் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் சித்தப்பாவின் குரல், "யாரு?" என்றது. அப்பாவின் எண்ணை அவரும் பதிந்து வைத்திருக்கவில்லை.

அப்பா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.